அரக்கு வைத்த அறிக்கை

செப்டம்பர் 23, செவ்வாய். மயிலாடுதுறை

நாளை புறப்பாடு. பதினோராம் வகுப்பு மாணவர் ஆறு பேர், ஆங்கில ஆசிரியை ஜெசிந்தா, நான். டென்மார்க்கில் ஹாவ்ன்லுண்ட் என்னும் கடலோர ஊர்ப் பள்ளியில் பதினான்கு நாள். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை இரண்டு வருடம் முன்பு தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்க்க வந்தார். வழியில் கார் நின்றுவிட, எங்கள் பள்ளிக்குள் வந்து தண்ணீர் கேட்டார். அதில் தொடங்கிய உறவு. நானூறு ஆண்டுகளுக்கு முன்பும் இவர்கள் ஏதோ கொஞ்சமாகக் கேட்டு வந்துதான் கோட்டை கட்டினார்கள் என்று ஆசிரியர் கூட்டத்தில் நினைவுபடுத்தினேன். யாரும் குறிப்பெடுக்கவில்லை.

தாளாளர் என்னைத் தனியே அழைத்துப் பேசினார். ஆறு பேரில் ஒருவரை அந்தப் பள்ளி அடுத்த ஆகஸ்டிலிருந்து ஒரு வருடம் தங்கிப் படிக்க எடுத்துக்கொள்ளும். துணைத் தலைமையாசிரியர் என்ற முறையில் என் அறிக்கைக்கு அங்கே மதிப்பு உண்டு.

"நீங்க யாருக்கும் சிபாரிசு பண்ண வேணாம் சார். நியாயமா எழுதுங்க" என்றார். "நம்ம ஹரியும் வர்றான். என் தங்கச்சி பையன்ங்கிறதுக்காக எதையும் கூட்டி எழுதிடாதீங்க."

பிறகு, தலைமையாசிரியர் ஜூன் மாதம் ஓய்வு பெறுவதைப் பற்றிப் பேசினார். அந்த நாற்காலிக்கு அனுபவம் உள்ள ஆள் வேண்டும் என்றார். இரண்டும் வெவ்வேறு விஷயங்கள்.

பெட்டியில் வைத்தவை: பருப்புப்பொடி, கம்பளிக் குல்லா, பெட்டியைக் கட்டிலில் பூட்டச் சங்கிலி, தேர்வு மையத்திலிருந்து அரக்குக் கட்டி ஒன்று, பித்தளை முத்திரை. இரகசிய அறிக்கையைக் கோந்து போட்டு ஒட்டி அனுப்புவது எனக்குப் பழக்கமில்லை.

செப்டம்பர் 25, வியாழன். ஹாவ்ன்லுண்ட்

வந்து சேர்ந்தோம். எட்டுப் பாஸ்போர்ட்டும் என் இடுப்புப் பையில் இருக்கின்றன. மாணவர்களின் ஆறு கைப்பேசிகளும் என் பெட்டியில். ஞாயிறன்று ஆளுக்குப் பதினைந்து நிமிடம் தரப்படும். ஹரிவர்த்தன் மட்டும், "சார், எங்கம்மாவுக்கு வந்துட்டேன்னு சொல்லணும்" என்றான். எல்லோருக்கும் சேர்த்து நானே தாளாளருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன் என்றேன். விதி என்றால் விதி.

நான் தங்குவது யென்ஸ் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் வீட்டில். இங்கே எல்லோரும் எங்களோடு ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். அவர் வாசற்கதவைப் பூட்டவில்லை. சாவி எங்கே என்று கேட்டேன். யோசித்தார். மனைவியைக் கேட்டார். இருவருமாக ஓர் இழுப்பறையைத் தேடினார்கள். இந்த நடிப்பு எதற்கு என்று தெரியவில்லை. பெட்டியைக் கட்டில் காலோடு பூட்டினேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

காலையில் வகுப்பறைக்குள் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. மின்சாரம் இருக்கிறது, பகல் வெளிச்சமும் இருக்கிறது. யாரோ விட்டுவிட்டுப் போனது என்று ஊதி அணைத்தேன். ஒரு மாணவி எழுந்து வந்து மறுபடி ஏற்றினாள். நான் அணைத்தேன். அவள் ஏற்றினாள். ஜெசிந்தா என் சட்டைக் கையைப் பிடித்து, "சார், அது அழகுக்கு" என்றார்.

மாணவர்கள் ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். ஒரு பையன் என்னை "தணிகை" என்றான். என்னை அப்படி அழைப்பவர் என் அண்ணன் ஒருவர்தான். திரும்பிப் பார்த்துவிட்டேன்.

வேதியியல் தேர்வு நடந்தது. கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் காப்பி குடிக்கப் போய்விட்டார். பொதுத்தேர்வுப் பறக்கும் படையில் பதினேழு வருடம் இருந்தவன் என்பதால் யாரும் கேட்காமலே நான் உள்ளே நின்றேன். ஒன்றேகால் மணி நேரம். ஒரு தலையும் திரும்பவில்லை. நாம் இன்னும் கண்டுபிடிக்காத முறை ஏதோ இவர்களிடம் இருக்கிறது.

செப்டம்பர் 27, சனி

கடைத்தெரு. ஒரு காப்பிக் கடைக்கு வெளியே குளிரில் ஒரு தள்ளுவண்டி. உள்ளே கைக்குழந்தை தூங்குகிறது. அருகில் ஆளே இல்லை. இருபது நிமிடம் காவல் நின்றேன். கடைக்குள்ளிருந்து ஒரு பெண் கண்ணாடி வழியாக என்னையே பார்த்தாள். பிறகு வெளியே வந்து என்ன வேண்டும் என்று கேட்டாள். அவள்தான் தாயாம். குழந்தைகளை இங்கே வெளியில்தான் தூங்க வைப்பார்களாம்.

ஜெசிந்தா வந்து மன்னிப்புக் கேட்டு என்னை அழைத்துப் போனார். "சார், இந்த ஊருக்கு வந்து மூணு நாளாச்சு. சந்தேகப்படுற மாதிரி நான் பார்த்த ஒரே ஆளு நீங்கதான்."

மாணவர்கள் ஒரு கறுப்பு மிட்டாய் தின்றார்கள். வாங்கி முகர்ந்தேன், நக்கிப் பார்த்தேன். அம்மோனியம் குளோரைடு. நம்மூரில் ஈயம் பூசுகிறவர் வைத்திருக்கும் நவச்சாரம். இதைக் குழந்தைகளுக்கு மிட்டாயாகத் தருகிறார்கள். குறித்துக்கொண்டேன்.

ஹரிவர்த்தன் சாப்பிடவில்லை. கண் சிவந்திருக்கிறது. இங்கே காற்று அதிகம்.

செப்டம்பர் 29, திங்கள்

தலைமையாசிரியை கிர்ஸ்டன் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். இங்கே இருந்து படிக்க இருவரைப் பரிசீலிக்கிறார்கள். ஒன்று ஹரிவர்த்தன். அவனுக்காக நம் தாளாளர் முன்பே ஒரு கடிதம் எழுதியிருந்தாராம். (என்னிடம் சொல்ல மறந்திருப்பார்.) இன்னொன்று கவியரசி. அவளுக்காக யாரும் எழுதவில்லை. இங்கே இரண்டு நாள் வகுப்பில் பார்த்ததை வைத்து எடுத்தார்களாம். இருவரைப் பற்றியும் ஆளுக்கு ஒரு பக்கம் நான் எழுதித் தர வேண்டும்.

கவியரசி தரங்கம்பாடி மீனவர் குடியிருப்புப் பெண். தினம் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்து படிக்கிறாள். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். வேதியியலில் அவள்தான் எப்போதும் முதல். எப்போதும் முதலாக வருகிறவர்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பது என் கொள்கை.

கவனித்தேன். மாலை நான்கு மணிக்கு அவள் சைக்கிளில் எங்கோ போகிறாள். சனிக்கிழமையும் போனாளாம், ஞாயிறும். இந்த ஊரில் எல்லோரும் சைக்கிளில் போகிறார்கள். எனக்கு அது கைவரவில்லை. யென்ஸ் தன் மூன்று சக்கரச் சைக்கிளின் முன்பக்கப் பெட்டியில் என்னை உட்காரவைத்து ஓட்டுகிறார். நர்சரிக் குழந்தைகளுக்கான பெட்டி. அதில் உட்கார்ந்துகொண்டு ஒருவரைப் பின்தொடர முடியாது. அவள் போன திசையில் நடந்துதான் போனேன். ஊர் நூலகத்தை நெருங்கியபோது அவள் அங்கிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

"குட் ஈவினிங் சார். நடந்தேவா வந்தீங்க? மூணு கிலோமீட்டர் சார்."

உலாவ வந்தேன் என்றேன். பின்னால் இன்னொரு சைக்கிள். ஹரிவர்த்தன். முகம் கழுவியது போல் இருந்தது.

செப்டம்பர் 30, செவ்வாய்

மூன்று மணிக்கே கிளம்பிவிட்டேன். ஊர் நூலகம். சுவர் முழுக்கக் கண்ணாடி. வெளியே ஒரு மரத்தை ஒட்டி நின்றேன்.

நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு இருவரும் வந்தார்கள். யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று வைத்திருக்கும் கணினி ஒன்றின் முன் ஹரிவர்த்தன் உட்கார்ந்தான். திரையில் ஒரு பெண்மணி. தாளாளரின் தங்கையின் சாயல். சாயலை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. நம் ஊரில் அப்போது மணி ஏழரை தாண்டியிருக்கும்.

அவன் பேசிக்கொண்டே இருந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கண்ணாடி தடுத்ததால் பேச்சு கேட்கவில்லை. கவியரசி தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவனுக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து ஏதோ புத்தகம் படித்தாள். இருபத்தைந்து நிமிடம். அவன் எழுந்ததும் தன் பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். ஏதோ சொன்னாள். அவன் சிரித்தான்.

குறிப்பு: அனுமதியின்றி வெளியே சென்றது. ஒரு மாணவனுடன் இருந்தது.

அக்டோபர் 1, புதன்

அவளை விசாரித்தேன்.

"நாலு மணிக்கு எங்க போற?"

"லைப்ரரிக்கு சார்."

"எதுக்கு?"

புத்தகப் பையின் வாரைச் சரிசெய்தாள்.

"சொல்ல முடியாதா, சொல்ல மாட்டியா?"

"ரெண்டும் சார்."

"யார் கூட போற?"

"சார், எனக்குத் தண்டனை குடுக்கணும்னா குடுங்க. இதக் கேக்காதீங்க."

விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

தாளாளர் தொலைபேசியில் பேசினார். "ஹரி எப்படி இருக்கான்? நல்லா பழகிக்கிட்டானா?" நன்றாக இருக்கிறான் என்றேன். "அவங்கம்மா என்னமோ புலம்புறா. பொம்பளைங்க அப்படித்தான். அங்க ஒரு வருஷம் இருந்தான்னா ஆம்பளையாயிடுவான். உங்களத்தான் சார் நம்பியிருக்கேன். வர்ற ஜூன்ல நம்ம பேச வேண்டியது இருக்கு."

இன்று காற்று இல்லை. ஹரிவர்த்தனின் கண் சிவந்துதான் இருக்கிறது.

அக்டோபர் 3, வெள்ளி

இரண்டு அறிக்கைகளும் எழுதியாயிற்று. நியாயமாக எழுதியிருக்கிறேன்.

ஹரிவர்த்தன்: மன உறுதி மிக்கவன். புதுச் சூழலில் உடனே ஒன்றிவிடுபவன். வீட்டு ஏக்கம் போன்ற பலவீனங்கள் இல்லாதவன்.

கவியரசி: படிப்பில் கெட்டிக்காரி. ஆயினும் அனுமதியின்றிப் பல முறை வெளியே சென்றாள். ஒரு மாணவனுடன் இருக்கக் காணப்பட்டாள். காரணம் கேட்டபோது சொல்ல மறுத்தாள். ஒளிவுமறைவு உள்ள சுபாவம். வெளிநாட்டில் ஒரு வருடம் தனியே விட உகந்தவள் அல்ல.

பொய் ஒரு வரியும் இல்லை. முதல் அறிக்கையை மறுபடி படித்துப் பார்க்கவில்லை, நேரமில்லை.

யென்ஸ் வீட்டில் மெழுகுவத்திக்குப் பஞ்சமில்லை. அரக்கை உருக்கி, இரண்டு உறையிலும் மூன்று மூன்று இடத்தில் முத்திரை வைத்தேன். யென்ஸின் மனைவி வந்து பார்த்து, கிறிஸ்துமஸ் வாழ்த்தா என்று கேட்டார். உறையின் மேல் பெரிதாக 'இரகசியம்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கிர்ஸ்டனிடம் கொடுத்தேன். "எவ்வளவு அழகு!" என்றார். திங்கட்கிழமை பத்து மணிக்கு எல்லோரும் உட்கார்ந்து பேசலாம் என்றார். எல்லோரும் என்றால் நானும் அவரும் ஜெசிந்தாவும் என்று எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 4, சனி

பருப்புப்பொடி தீர்ந்தது.

அக்டோபர் 6, திங்கள்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பத்து மணி. வட்ட மேசை. மேசை மேல் மெழுகுவத்தி. கிர்ஸ்டன், ஜெசிந்தா, நான். பிறகு ஹரிவர்த்தனும் கவியரசியும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். தவறாக வந்துவிட்டார்கள் என்று நினைத்து, வெளியே இருக்கும்படி சைகை காட்டினேன்.

கிர்ஸ்டன் உறைகளை எடுத்தார். இன்னும் பிரிக்கவே இல்லை. ஒன்றை ஹரிவர்த்தனிடமும் மற்றதைக் கவியரசியிடமும் கொடுத்தார். "உங்களைப் பற்றியது. நீங்கள்தான் முதலில் பிரிக்க வேண்டும்."

இது இரகசியம் என்றேன்.

"ஆமாம், அதனால்தான் நான் பிரிக்கவில்லை" என்றார் கிர்ஸ்டன். அவர்கள் பள்ளியில் ஒரு மாணவரைப் பற்றி எதை எழுதினாலும் அந்த மாணவர் முதலில் படிக்க வேண்டுமாம். படித்துவிட்டுக் கீழே தன் கருத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் அது கோப்புக்குப் போகும். பின் ஆசிரியர் ஏதாவது சேர்க்க விரும்பினால் அதற்கும் ஓர் இடம் உண்டு. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. முப்பது வருடத்தில் இப்படி ஒரு கேள்விக்கு அவசியம் வந்ததில்லை.

ஹரிவர்த்தன் படித்தான். 'வீட்டு ஏக்கம் போன்ற பலவீனங்கள் இல்லாதவன்' என்ற இடத்துக்கு வந்தபோது என்று நினைக்கிறேன், காது வரை சிவந்தான். தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டான். கருத்து எழுதவில்லை.

கவியரசி அரக்கைப் பக்குவமாகப் பெயர்த்தாள். சிதறிய துண்டுகளை ஒரு பக்கமாகச் சேர்த்து வைத்தாள். பிறகு படித்தாள். இரண்டு முறை படித்தாள். தேர்வறையில் பிடிபட்டவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும், நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அவள் என்னைப் பார்த்தது அப்படி இல்லை. வகைப்படுத்த இயலவில்லை.

"சார், பேனா இருக்கா?"

கொடுத்தேன். கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டாள். கிர்ஸ்டன் அதை உரக்கப் படித்தார். தமிழில் இவ்வளவுதான்: 'சார் எழுதியது எல்லாம் உண்மை. சார் பார்த்தது இதைவிட அதிகம்.'

பிழை ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் உண்டு என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். அது இயற்பியல்; என் பாடம் அல்ல.

"என்ன பார்த்தீர்கள்?" என்று கிர்ஸ்டன் கேட்டார். குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. அதுதான் தொந்தரவு.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நாளை மதியம் வரை அவகாசம் தந்தார். இப்போது இருக்கிறபடியே கோப்புக்குப் போனால் கவியரசிக்கு இடம் கிடைக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

வெளியே வராந்தாவில் கவியரசி எனக்காக நின்றிருந்தாள்.

"சார், ஹரி பேர மட்டும் எழுதிடாதீங்க. தினம் அழுதான்னு தெரிஞ்சா அவன் மாமா அவன சும்மா விடமாட்டாரு. உங்களுக்கே தெரியும்."

"அப்புறம் உன் பேரு?"

"என் பேரத்தான் ஏற்கனவே எழுதியாச்சே சார்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மணி பதினொன்றரைதான். நான்கு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

ஜெசிந்தா மதியச் சாப்பாட்டின்போது என் எதிரில் உட்கார்ந்தார். கறுப்பு ரொட்டியை நான்காக வெட்டிக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்கும் தெரியுமா?" என்று கேட்டேன்.

"முதல் நாளே தெரியும் சார். ஆறு பேருக்கும் தெரியும். யென்ஸுக்குத் தெரியும். அந்த லைப்ரரி அம்மா அவனுக்காக நாலு மணிக்கு ஒரு நாற்காலிய எடுத்து வெச்சுடறாங்க. நீங்க போனத் திருப்பிக் குடுத்திருந்தா இந்த ஊர்ல யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா எழுதிடுவீங்க சார்."

அக்டோபர் 7, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு யென்ஸ் வீட்டு வாசலில் ஹரிவர்த்தன். பூட்டாத கதவைத் தட்டிவிட்டு வெளியிலேயே நின்றான்.

"சார், எழுதுங்க சார்."

"என்ன எழுத?"

"நான் அழுததை. கவி சொல்லாதன்னா. ஆனா நேத்து அவ அந்த இடத்துல ரெண்டு வரி எழுதிட்டு உக்காந்திருந்தா பாருங்க, எனக்கு ராத்திரி சோறு எறங்கல சார்."

"உங்க மாமா?"

"நான் இங்க இருக்க மாட்டேன்னு சொன்னா மாமா கேக்க மாட்டாரு. அம்மா சொன்னாலும் கேக்க மாட்டாரு. நீங்க எழுதினீங்கன்னா நம்புவாரு. நீங்க எல்லாரையும் கெட்டதாத்தான எழுதுவீங்க."

பாராட்டாகத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன்.

கிர்ஸ்டன் அறைக்குப் போய் அந்தத் தாளைக் கேட்டேன். 'ஆசிரியர் சேர்க்க விரும்புவது' என்ற இடம் பாதிப் பக்கம்தான் இருந்தது. பொடி எழுத்தாக எழுதினேன். கைப்பேசிகளை வாங்கி வைத்தது நான். பையன் தினமும் தாயோடு பேச வேண்டியிருந்தது, அழுதான். அந்தப் பெண் அவனைத் தினமும் மூன்று கிலோமீட்டர் கூட்டிப் போனாள். அவன் பேசுவது தன் காதில் விழாதிருக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். காரணம் கேட்டபோது, அவனைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தான் ஏற்றாள். ஒரு வருடம் தனியே விட உகந்தவள். உடன் இருப்பவர்களுக்கும் நல்லது. பையனைப் பற்றி நான் முன்பு எழுதியதில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தவறு. அவனை வீட்டுக்கு அனுப்பவும்.

கடைசியாக இன்னொரு வரியும் சேர்த்தேன். அது நிர்வாகம் சம்பந்தப்பட்டது.

கவியரசி படித்துக் கையெழுத்திட்டாள். ஹரிவர்த்தன் படித்துக் கையெழுத்திட்டான். இந்த முறை கருத்தும் எழுதினான்: 'சரி.' கடைசி வரியைப் படித்த கிர்ஸ்டன் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். நானும் கையெழுத்திட்டேன்.

பயன்படுத்தாமல் வைத்திருந்தால் பேட்டரி கெட்டுவிடக்கூடும் என்பதால் ஆறு கைப்பேசிகளையும் திருப்பிக் கொடுத்தேன்.

அக்டோபர் 8, புதன்

புறப்பாடு. பாஸ்போர்ட்டை அவரவர் கையில் கொடுத்தேன். கோபன்ஹேகன் விமான நிலையத்தில் யாரும் தொலைத்துவிடவில்லை. நான் என்னுடையதை எங்கோ வைத்துவிட்டுப் பத்து நிமிடம் தேடினேன். ஹரிவர்த்தன் கண்டுபிடித்துக் கொடுத்தான்.

அக்டோபர் 10, வெள்ளி. மயிலாடுதுறை

தாளாளர் காலையிலேயே கூப்பிட்டனுப்பினார். கிர்ஸ்டனின் மின்னஞ்சல் நேற்றே வந்துவிட்டதாம். கவியரசியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் மூன்றாம் தேதி அங்கே இருக்க வேண்டும். அவளுடைய அப்பா கையெழுத்துப் போட நாளை வருகிறார்.

மேசை விசிறி ஓடிக்கொண்டிருந்தது. என்னை உட்காரச் சொல்லவில்லை.

"என்ன சார் எழுதினீங்க அங்க?"

"பார்த்ததை எழுதினேன் சார்."

"அந்த ரிப்போர்ட்டோட நகல் ஒண்ணு வேணும்."

"கவியரசியையும் ஹரியையும் கேட்டுட்டுத்தான் தர முடியும் சார்."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பசங்களக் கேட்டா? நான் தாளாளர் சார்."

"ஆமா சார்."

"என்னப் பத்தி ஏதாவது எழுதியிருக்கா அதுல?"

"இருந்திருந்தா உங்ககிட்டதான் முதல்ல காட்டியிருப்பேன்."

அவர் விசிறியை நிறுத்தினார். "ஜூன்ல அந்த நாற்காலிக்குக் கும்பகோணத்துலேருந்து ஒருத்தரப் பாக்கலாம்னு இருக்கேன். நல்ல அனுபவசாலியாம்."

"நல்லது சார்."

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பசங்களப் பத்தி எழுதினீங்க, சரி. கடைசியில ஒரு வரிக்குக் கீழ நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்கன்னு அந்தம்மா எழுதியிருக்காங்க. அது என்ன வரி?"

"முப்பதாம் தேதி எல்லாத்தையும் நான் பார்த்தேன், மூணாம் தேதி அதை எழுதலன்னு ஒரு வரி சார்."

"அத யாரு உங்கள எழுதச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். ஆனா யாரைப் பத்தி எழுதியிருக்கோ அவங்க படிச்சுட்டுக் கையெழுத்துப் போடணும். நான் படிச்சேன். போட்டேன்."